வயசான காலத்துக்கு வேணும்

நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவளுக்குப் புருஷனை நினைத்தாலே எரிச்சல். சேர்த்ததை அனுபவிக்காமலே போய்ச் சேர்ந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்தவள் அவள். தலைமை எழுத்தராக ஓய்வுபெற்ற அந்த மகானுபாவரோ, எழுபது வயதிலும் ஏசிக்கு உறை போட்டு மூடிவிட்டு, வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்.

"கடலைப் பார்த்துட்டு வரலாங்க."

"இப்பவே செலவழிச்சா, வயசான காலத்துல என்னடி பண்றது?"

"இதுக்கு மேல தனியா வேற வயசாகப் போகுதா உங்களுக்கு?"

அவள் தன் பென்ஷனை எடுத்துக்கொண்டு தங்கையோடு கிளம்பிவிட்டாள். மறுநாள் போன் செய்தவர், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. ரூம் வாடகை எவ்வளவு என்றுதான் கேட்டார்.

தலையில் அடித்துக்கொண்டவள், போனைத் தங்கையிடம் நீட்டினாள். "உங்க மாமாவுக்கு நீயே பதில் சொல்லு" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள்.