ஒரே தொட்டி, இரண்டு அட்டை

தெருவில் அவருக்கு மாத்திரைக்காரர் என்றுதான் பெயர். வைத்தியரும் இல்லை, மருந்து விற்கிறவரும் இல்லை. மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரையை அட்டையில் அடைக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். காலையில் பேர்போன கம்பெனியின் பெயர் அச்சடித்த அட்டைச் சுருள் ஓடும். மதியத்துக்கு மேல் அந்தச் சுருளைக் கழற்றிவிட்டு, வெறும் மருந்தின் பெயர் மட்டும் அச்சடித்த மலிவு அட்டைச் சுருளை மாட்டுவார். உள்ளே விழுகிற மாத்திரை என்னவோ ஒரே தொட்டியிலிருந்துதான். இதைத் தினமும் பார்க்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?

"பேரைப் பார்த்து மயங்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதான். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திக்குங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொல்வார். எதிர்வீட்டுப் பெண் தன் கணவருக்கு இதய மாத்திரையை மாற்றியது இவர் பேச்சை நம்பித்தான்.

அப்படிப்பட்டவரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, ஒரு வேளைகூட விட்டுடாதீங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் இரண்டு அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டுமே இவர் கைபட்டு வந்தவை. "எதைத் தரட்டும் சார்?"

இதற்குப் பதில் இவருக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் அன்றைக்குப் பார்த்து மலிவு அட்டைப் பக்கம் கை போகவில்லை. "கம்பெனி பேர் போட்டதையே குடுங்க" என்றார்.

"அண்ணே" என்று பின்னாலிருந்து குரல். எதிர்வீட்டுப் பெண் கையில் மருந்துச் சீட்டோடு நின்றாள். "அப்போ எங்க வீட்டுக்காரருக்கு நான் குடுக்கறது?"

"அதுவும் நல்ல மாத்திரைதாம்மா. சத்தியமா."

"அப்புறம் ஏண்ணே இதைக் கேக்கறீங்க?"

சமாளிக்க ஏதாவது சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு மனசு வரவில்லை. "பயமா இருக்கும்மா. அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, மலிவா வாங்கிக் குடுத்தியேன்னு என் மனசே என்னைக் கொன்னுடும்."

அவள் கோபப்படவில்லை. "எனக்கு மட்டும் பயமில்லையாண்ணே? ஒரு வருஷமா அவர் மாத்திரை போடறப்பல்லாம் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நீங்க சொன்னீங்களேன்னுதான் குடுக்கறேன். நல்லாத்தான் இருக்கார்."

மாத்திரைக்காரருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிட்டால் தன் வேலை முடிந்தது என்றல்லவா இத்தனை நாளும் இருந்தார்! அந்த உண்மையை நம்பி வீட்டில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பாவம், இவர் பேச்சைக் கேட்டு மாற்றியவர்களும் அதைச் சொன்னதில்லை.

கம்பெனி பெயர் போட்ட அட்டையைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்.

"அண்ணிக்கு முதல் மாத்திரை குடுக்கறப்ப நானும் வந்து கூட இருக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

"வாம்மா" என்றார். "தனியா என்னால முடியாது."