கப்பல் சமையலறைச் சிலேட்டு

அந்தக் கப்பலின் சமையலறை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. கப்பல் ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடிச் சுவரில் மெல்ல இடிக்கும். சூரை மீன் பிடிக்கும் ஸ்பெயின்காரர்களின் கப்பல் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மட்டக்களப்பு வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த நான், அதில் மீனைக் குளிரறைக்குள் தள்ளும் வேலையில் நான்கு வருடம் இருந்தேன்.

சமையற்காரர் வயதானவர். ஒரு காது மந்தம். வியாழக்கிழமை தோறும், தட்டை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்பார். அவருடைய மொழியில்தான் பதில் சொல்ல வேண்டும். "மே குஸ்தா" என்றால் எனக்குப் பிடிக்கும். அது அவருக்குப் போதாது. "மே குஸ்தாரா" என்று சொல்ல வைப்பார். அந்த நாள் வரும்போது எனக்குப் பிடிக்கும் என்று அர்த்தம். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும். அவருக்கு வரப்போகிற நாளும் அதற்குள் இருக்க வேண்டும். சொன்னதைச் சிலேட்டில் பெயருக்கு எதிரே எழுதி, அதில் ஒன்றை ஞாயிறன்று சமைப்பார்.

எனக்கு வாய் வராது. கூச்சம் ஒருபுறம். வாவிக்குப் போகிறவன் நாளைக்கு இது வேணும் என்று வாய்விட்டுச் சொன்னால் வலை வெறுமையாக வரும் என்று அப்பா சொல்லி வளர்த்தது இன்னொருபுறம். "எல்லாம் நல்லது" என்று தலையை ஆட்டுவேன். அவர் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுவார். மற்றவர்கள் என்னை "ராயா" என்றே கூப்பிட்டார்கள். ராயா என்றால் கோடு.

ஒரு நாள் உருளைக்கிழங்கு உரிக்க என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலுமாக ஒன்றைச் சொன்னார். முந்திய கப்பலில் ஒரு இளைஞன் வாரக்கணக்காக "எதுவானாலும் சரி" என்றானாம். ஒரு காலையில் அவன் படுக்கை வெறுமையாகக் கிடந்ததாம். கடல் அன்று அமைதியாக இருந்ததாம்.

"நான் சாப்பாட்டுக்காகக் கேட்பதில்லை" என்றார்.

அடுத்த வியாழன் நான் சொன்னேன். மே குஸ்தாரா, சோறு, தேங்காய்ப்பாலில் மீன். தகரத்தில் அடைத்த பாலில் அவர் அதைச் சமைத்தார். புளி இல்லை, உப்பு அதிகம். நான் தட்டை வழித்துத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது வீட்டில் சமையல் என்னுடையது. மனைவிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு மாதம். காயம் ஆறிவிட்டது, ஆள்தான் எழும்பவில்லை. வேலை, கிளினிக், அடுப்பு என்று எனக்கு இடுப்பு, நாரியெல்லாம் விட்டுப்போகிறது. பின்னேரங்களில் கேட்பேன், நாளைக்கு என்ன ஆக்கட்டும் என்று.

"என்னண்டாலும் சரி."

பாதியை அப்படியே வைத்துவிடுவாள். அந்தப் பதில் கேட்கிறவனை எவ்வளவு களைக்க வைக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு எனக்கு வந்தது களைப்பு மட்டும் அல்ல; அந்த வெறும் படுக்கையும் கண்ணுக்குள் வந்தது.

பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்றை வாங்கி வந்து அடுப்படியில் மாட்டினேன்.

"என்ன, விட்ட பள்ளிக்குத் திரும்பப் போறீங்களா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு உனக்கு என்ன வேணும் புள்ள? சொன்னா எழுதுவன்."

"ஒண்டும் வேணாம்."

அவள் பெயருக்கு எதிரே கோடு போட்டேன். மூன்று வாரம் அதே கோடு. என் பெயருக்கு எதிரே மட்டும், கூச்சத்தோடு, இறால் சுண்டல் என்று எழுதி, நானே ஆக்கி, நானே தின்றேன்.

நேற்று வெளியே மாரி மழை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள்.

"பாலைப்பழம் திண்டா நல்லாயிருக்கும்."

அவள் பிறந்தது கரடியனாறு. அந்தக் காட்டுப் பக்கத்துப் பழம் அது.

"அது ஆனி, ஆடியிலயெல்லோ வரும்."

"தெரியும். அப்ப வாங்கித் தாங்க."

இப்போது கிடைக்காது என்பதற்காகவே சொன்னாளோ, தெரியாது. இன்று மத்தியானமும் சோற்றில் பாதியை வைத்துவிட்டாள். கோட்டை அழித்துப் பாலைப்பழம் என்று எழுதியிருக்கிறேன். இந்தச் சுவர் ஆடாது. சிலேட்டு சத்தமில்லாமல் தொங்குகிறது. ஆனி மாதம்வரை அதைத் துடைக்க மாட்டேன்.