லெந்து நாட்களில் தொடங்கிய நடை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நாங்கள் செய்து பார்க்காத உடற்பயிற்சி இல்லை. எதுவும் ஒரு மாதம் தாண்டியதில்லை. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடினார். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, கூரை இடிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். போனைப் பார்த்து யோகா செய்தோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சாயங்கால நடை என்று கிளம்பினால், ஆம்பூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பிரியாணிக் கடை. நடக்கப் போனவர்கள் கையில் பார்சலோடு திரும்பி வருவோம். அதில் பாதியைத் தின்றவள் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். வெளிநாடு போகும் ஷூ ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, விரலால் நுனி வரை தடவிப் பார்ப்பது அவர் வேலை. செய்யும்போது அடித்த சின்ன ஆணி ஏதாவது பிடுங்கப்படாமல் உள்ளே தங்கிவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். நாள் பூராவும் நின்றபடி செய்கிற வேலை. அதை வைத்தே என்னிடம் வாதாடுவார்.

"நாளெல்லாம் நின்னுக்கினேதான இருக்கேன் டீச்சர், இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸு?"

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்பதால் வீட்டிலும் எனக்கு அதே பெயர்தான். நிற்பது வேறு, நடப்பது வேறு என்று தொண்டை வறளக் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

கடைசியில் லெந்து நாட்கள்தான் கைகொடுத்தன. எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் பலர் கறி, மீன் விட்டுவிடுவார்கள். சிலர் டிவியை விடுவார்கள். இந்த வருஷம் நாம் எதையும் விட வேண்டாம், ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்றேன். ஆண்டவருக்கென்று ஒப்புக்கொண்டதை அவர் மீற மாட்டார், எனக்குத் தெரியும். விடியற்காலையில் எழுந்து பள்ளி மைதானம் வரை போய், அதைச் சுற்றிவிட்டு வர ஆரம்பித்தோம். முதல் வாரம் முனகினார். பிறகு ஒரு நாள் நான் கண் விழிக்குமுன்னே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

ஈஸ்டர் வந்தது, போனது. நடை நிற்கவில்லை. அவருக்குச் சர்க்கரை இறங்கியது. எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. வருஷக்கணக்காக வீட்டுக்குள் பேசாததையெல்லாம் அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பேசினோம். பிள்ளை இல்லாத குறையைக்கூட அங்கேதான் முதல்முறையாக அழாமல் பேச முடிந்தது. கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அதுவரை செருப்போடு நடந்தவருக்கு, இனி ஷூ போட்டு நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சின்னக் குறை உள்ள ஜோடிகளைக் கம்பெனியில் தொழிலாளிகளுக்குக் கொடுப்பார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி கிடைத்தது, தையல் லேசாகக் கோணல். அந்தக் கோணலுக்காக முன்னாலேயே ஒதுக்கிவிட்டதால் அது செக்கிங்குக்கே வரவில்லை. மாப்பிள்ளை மாதிரி போட்டுக்காட்டிவிட்டு மறுநாளே அதில் நடந்தார். நாள் முழுக்க ஊரார் ஷூவுக்குள் கையை விடுகிற மனுஷன், தன்னுடையதற்குள் விடவில்லை. கம்பெனியில் அது வேலை. வீட்டில் அது அவருடைய புது ஷூ. உள்ளே ஒரு ஆணி முனை இருந்திருக்கிறது. சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

துவைக்கப் போட்ட சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான். அவர் பாதத்தைத் திருப்பினால் ஒரு குழி.

"எனக்கு வலிக்கவே இல்லியே" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

அதன் பிறகு வேலூருக்கும் ஆம்பூருக்குமாக அலைந்தோம். மருந்து, கட்டு, மறுபடியும் கட்டு. முதலில் விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆண்டவர் மேல் கோபப்பட்டேன். உமக்கென்று நடந்த கால் அல்லவா ஆண்டவரே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், விடிந்தும் விடியாத நேரம். அடுப்பில் பால் வைத்திருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். காலில் போட்டிருந்த கட்டு நனைந்து ரத்தம் கசிகிறது. ஒரு கை மட்டும் மேலே எட்டி, ஆணியில் தொங்கிய சட்டையின் நுனியைப் பிடித்திருக்கிறது. நடைக்குக் கிளம்புகிற நேரம் அது. தூக்கத்திலிருந்து உடம்பு தானாக எழுந்து, இரண்டு காலும் இருப்பதாக நினைத்துத் தரையில் ஊன்றியிருக்கிறது. எத்தனையோ வருஷம் எதுவும் படியாத உடம்பில் இது ஒன்று படிந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு.

கூப்பிட வாயில்லையா, நான் செத்தா போய்விட்டேன் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கால் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சட்டையை விட்டார்.

"நீ கெளம்பு, நேரமாவுது" என்றார். "நான் நாளைக்கு வர்றேன்."