பதினாறு பெயரையும் படித்தேன்

இன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டேன். நானே போட்டேன்.

எனக்குப் பார்வை கிடையாது. போன தேர்தலில் சித்தப்பாதான் கூட வந்து பட்டனை அமுக்கினார். நான் சொன்ன சின்னத்தில்தான் அமுக்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்றும் வந்தார். வாக்குச்சாவடி அதிகாரி என்னிடம் பேசவே இல்லை. சித்தப்பாவிடம், "நீங்களே கூடப் போயி போட்டு விட்டுருங்க" என்றார்.

"சார், பிரெயில் வேட்பாளர் பட்டியல் வந்திருக்கும். அதைக் குடுங்க."

"அதெல்லாம் இங்கன யாரும் கேட்டதில்லையே தம்பி."

"நான் கேக்குறேன்."

பையைத் துழாவி, உறைகூடப் பிரிக்காத பட்டியலை எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் ஒருவர், "சின்னமனூர் பஸ்ஸப் பிடிக்கணும், சட்டுனு முடிங்கப்பா" என்றார்.

"எல்லாரும் நிக்கிறாகடா, நானே அமுக்கிர்றேன்" என்றார் சித்தப்பா.

"நீங்க வெளிய நில்லுங்க சித்தப்பா."

யாருக்கு என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் பதினாறு பெயரையும் விரலால் நிதானமாகப் படித்தேன். பிறகு இயந்திரத்தில் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த பிரெயில் எண்ணைத் தடவிப் பார்த்து நானே அமுக்கினேன்.

வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார், "யாருக்குடா போட்ட?"

"போன தடவை நீங்க யாருக்கு அமுக்குனீகன்னு சொல்லுங்க, நானும் சொல்றேன்."

"சரி சரி, வீட்டுக்கு நட" என்று பேச்சை மாற்றினார் சித்தப்பா.

உங்களில் எத்தனை பேர் ஓட்டைச் சித்தப்பா போட்டிருக்கிறார்?