பலூபி வாய் திறக்காத பத்தொன்பது நாட்கள்

பலூபியை வேலையைவிட்டு அனுப்பிய அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் ஏதோ நல்லவன் என்று நினைத்துக்கொண்டு மீதியைப் படிப்பீர்கள்.

இந்தோனேசியாவின் செமாராங் நகரில் ஒரு சின்ன இணையதள நிறுவனம். நான் பக்கங்களை எழுதுவேன், அவள் சோதிப்பாள். ஒரே பக்கம் ஒரு உலாவியில் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்றில் கால் மடங்கி விழும். மூன்றாவதில் எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடக்கும். எது எங்கே விழுகிறது, எதனால் விழுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. சந்தேகம் வந்த பெட்டிகளைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவாள். பிறகு பக்கத்தில் பாதியை வெட்டி எறிவாள். கோளாறு மறைந்ததா, குற்றவாளி வெட்டிய பாதியில் இருக்கிறான். மறையவில்லையா, மிச்சப் பாதியில். இப்படிப் பாதி பாதியாக நறுக்கி, கடைசியில் ஒரே ஒரு வரியைப் பிடித்து இழுத்து வருவாள். "இந்தா தேஜோ, உன் வீட்டுத் திருடன்" என்பாள். எழுதியது நான்தானே.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் ஆர்யோ. வயதுக்கு மூத்தவர் என்பதால் நாங்கள் மாஸ் ஆர்யோ, ஆர்யோ அண்ணன், என்று கூப்பிடுவோம். பலூபி எல்லோருக்கும் ம்பாக், அக்கா; முதலாளி பாக், ஐயா. சந்தைக்குப் புதிதாக எந்தக் கைபேசி வந்தாலும் முதல் வாரமே அவர் கையில் இருக்கும். அதில் அழகாகத் தெரிந்தால் போதும், உலகம் முழுவதும் அழகாகத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு பல் மருத்துவமனைக்காக முன்பதிவுப் பக்கம் செய்தோம். சில கைபேசிகளில் 'உறுதி செய்' பொத்தான் கண்ணுக்கே தெரியவில்லை என்று பலூபி கண்டுபிடித்தாள். பொத்தானைத் திரையின் அடிவிளிம்பில் நிற்கச் சொல்லியிருந்தோம். அந்த உலாவிகளோ தங்கள் கருவிப்பட்டையை அதே விளிம்பில் போட்டு மூடிவிட்டன. அலுவலகக் குறைப் பட்டியலில் படத்தோடு பதிவு செய்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். "வெளியிட்டுட்டுப் பாத்துக்கலாம்" என்றார் ஆர்யோ.

வெளியீட்டு நாளில் மருத்துவமனை உரிமையாளர் தன் கைபேசியைத் திறந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், படுக்கவைத்துப் பார்த்தார். பொத்தான் இல்லை. எங்கள் முதலாளியின் முகம் சிவந்தது. ஆர்யோ அலட்டிக்கொள்ளவே இல்லை. "ம்பாக் பலூபி பார்த்து முடிச்சதுங்க இது" என்றார்.

பலூபி பாய்ந்துபோய்ப் பட்டியலைத் திறந்தாள். பதிவு இல்லை. பதிவை அழிக்கும் உரிமை முதலாளிக்கும் ஆர்யோவுக்கும் மட்டும்தான் உண்டு.

"தேஜோ, நீ பாத்தியாப்பா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"ஞாபகம் இல்ல, பாக்" என்றேன்.

ஆர்யோ சிரித்தார். "பாவம், அவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். எல்லாரும் சேர்ந்து ஒரு கண்ணாடி வாங்கிக் குடுப்போம்."

அறை முழுக்கச் சிரிப்பு. வந்திருந்த உரிமையாளரும் சிரித்தார். அந்த அறையிலேயே அவள் வேலை போனது. எங்கள் தொழிலில் செமாராங் ஒரு சந்து மாதிரி. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். 'மங்கல் பலூபி' என்ற பெயர், அவள் நேர்காணலுக்குப் போன ஒவ்வொரு இடத்துக்கும் அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், சொந்தக்காரர் ஒருவரின் கைபேசி பழுதுபார்க்கும் மேஜையில் உட்கார்ந்தாள். அங்கேதான் ஊர் உண்மையில் எதைக் கையில் வைத்திருக்கிறது என்பதை அவள் பார்த்தாள். விரிசல் விட்ட திரை, பேரப்பிள்ளைகளின் படங்களால் நிறைந்து மூச்சு முட்டும் நினைவகம், இடமில்லாததால் ஐந்து வருடமாகப் புதுப்பிக்காத உலாவி. யாரும் திரும்ப வாங்க வராத கைபேசிகளைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

என் கைபேசியைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒருநாள் அவளிடம் போனேன். "நடந்தத மறந்துடேன், ம்பாக்" என்றேன்.

"நீ மறக்கலாம். உன் பேருக்கு முன்னாடி யாரும் எதையும் ஒட்டலையே." திருகாணியைக் கழற்றியபடி சொன்னாள். "என் பட்டியல்ல ரெண்டு பேரு இருக்கு, தேஜோ. நீ ரெண்டாவது. பயப்படாத, முதல் ஆள முடிச்சுட்டுத்தான் உன்கிட்ட வருவேன்."

சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருடம் போனது. நோன்பு மாதத்துக்குச் சில வாரங்கள் முன்பு, இபு முர்தினி என்ற பெரிய மனுஷி திரை மாற்ற அவள் மேஜைக்கு வந்தார். ஊருக்கே இபு, அம்மா. இருபத்திரண்டு பேருந்துகளுக்குச் சொந்தக்காரர். கணவர் போனபின் ஒற்றை ஆளாக நடத்துகிறவர். காத்திருந்த நேரத்தில் புலம்பினார்.

"லெபாரான் பெருநாளுக்கு ஊரே ஊருக்குப் போகுது. இந்த வருஷம் டிக்கெட்டெல்லாம் வெப்சைட்லதான்னு சொல்லிட்டேன். ஆனா புர்வோடாடி ஊரு ஏஜென்ட் சோதனைப் பக்கத்தத் திறந்துட்டுப் போன் பண்றான், 'இபு, நாப்பது சீட்டும் ஒரே வரிசையில வருது, இது பஸ்ஸா, ரயிலா'ங்கறான்."

"யாரு பண்றா இபு உங்க வெப்சைட்ட?"

"ஆர்யோன்னு ஒருத்தர். சொந்தக் கம்பெனி. நல்லாப் பேசறாரு."

பலூபியின் கை நின்றுவிட்டதாம். திரையை ஒட்டும் பசை விரலில் காய்ந்துபோகும் வரை அப்படியே இருந்தாளாம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் சோதிச்சுத் தரேன் இபு. என்கிட்ட எல்லா மாதிரிப் போனும் இருக்கு."

"நல்லதாப் போச்சு. இன்னும் பத்தொன்பது நாள்ல ஒப்படைக்கிறாரு. ஏதாவது தப்பு இருந்தா அப்பப்போ அவருகிட்ட சொல்லிடும்மா."

"மொத்தமா உங்ககிட்டயே குடுக்கறேன். பிச்சுப் பிச்சுச் சொன்னா குழம்பிடும்."

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். நான் செய்ததற்கு அதுகூடச் செய்யாமல் இருக்க முடியவில்லை. அறுபத்தொரு கைபேசிகளில் அந்தத் தளத்தைத் திறந்தோம். இருக்கைகளை வரிசைப்படுத்த ஆர்யோவின் ஆட்கள் புதிய முறையில் எழுதியிருந்தார்கள். பழைய உலாவிகளுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. எறும்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கவைத்துவிட்டன. வேறு சிலவற்றில் இருக்கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போய், ஏழாம் இருக்கையைத் தொட்டால் எட்டாவது சிவந்தது. பணம் கட்டும் பக்கத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே பழைய தவறு. பொத்தான் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அதைப் பார்த்ததும் பலூபி கைபேசியை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்தாள்.

"இப்பவே சொன்னா ஒப்படைக்கறதுக்குள்ள சரி பண்ணிடுவாரு, ம்பாக்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் சொல்லல."

எண்பத்தேழு குறைகள். ஒவ்வொன்றுக்கும் படம், உலாவியின் பெயர், பயணிக்கு என்ன நடக்கும் என்று ஒரு வரி. ஒன்றைக்கூட ஊதிப் பெரிதாக்கவில்லை. "பொய் ஒண்ணு கலந்தாலும் அத வெச்சே தப்பிச்சுடுவான்" என்றாள். சரியாக இருக்கும் பக்கங்களையும் சரி என்று எழுதினாள். அவளுடைய ஆத்திரம் அத்தனை சுத்தமாக இருந்தது.

ஒப்படைப்பு பேருந்துப் பணிமனையின் மாடியில், காலை பத்து மணிக்கு. ஒன்பது ஊர் முகவர்கள் வந்திருந்தார்கள். கீழே டீசல் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. பெரிய திரையில் ஆர்யோ ஓட்டிக் காட்டினார். நிஜமாகவே அழகாக இருந்தது. எல்லோரும் கை தட்டும்போது, பழுதுபார்க்கும் தட்டில் ஒன்பது கைபேசிகளை அடுக்கிக்கொண்டு பலூபி உள்ளே வந்தாள். எண்பத்தேழு குறைகளின் பட்டியலோடு நான் பின்னாலேயே போனேன்.

"அட, ம்பாக் பலூபி!" என்றார் ஆர்யோ. "கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது மாஸ். எனக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடுங்க. புர்வோடாடி, சீட் நம்பர் ஏழு. இந்தப் போன்ல."

அவர் இபு முர்தினியைப் பார்த்தார். "போட்டுக் குடுங்களேன்" என்றார் இபு.

முதல் கைபேசியில் இருக்கைகள் வரிசை பிடித்து நின்றன. இரண்டாவதில் ஏழு கேட்டால் எட்டு வந்தது; மறுபடி தொட்டால் ஆறு. மூன்றாவதில் பணம் கட்டும் பக்கம் வரை போனார், அதற்குமேல் பொத்தான் இல்லை. மேலே தள்ளினார், கீழே தள்ளினார், படுக்கவைத்துப் பார்த்தார்.

"மாஸ், பஸ் கிளம்பிடுச்சு" என்றார் புர்வோடாடி முகவர். அறை வெடித்துச் சிரித்தது.

ஆர்யோவின் கழுத்தெல்லாம் வியர்வை. "இந்தப் பிரவுசரெல்லாம் இன்னும் யாரு வெச்சிருக்கா?"

முகவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கைபேசிகளைத் தூக்கிக் காட்டினார்கள். இபு முர்தினியும் தூக்கினார்.

அப்போதுதான் ஆர்யோ பக்கவாட்டில் திரும்பினார். பெரிய திரையின் அருகில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். நினிங், அவருடைய சோதனையாளர்.

"நினிங், நீதானே பார்த்து முடிச்ச?"

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. மடிக்கணினியைப் பாதி மூடினாள், மறுபடி திறந்தாள். நான் தரையைப் பார்த்தேன். பலூபிக்கோ கண் பளபளத்தது.

"நினிங், உங்க குறைப் பட்டியலத் திற. பெரிய திரையிலயே போடு."

"அதெல்லாம் கம்பெனி உள்விஷயம்" என்றார் ஆர்யோ.

"போடும்மா" என்றார் இபு.

திரையில் வந்தது. பொத்தான் தெரியவில்லை: பதிந்தவர் நினிங், இரண்டு மாதம் முன்பு. மூடியவர் ஆர்யோ. குறிப்பு: 'பழைய போன். யாரும் பயன்படுத்துவதில்லை.' இந்த முறை அழிப்பதற்குக்கூட அவர் மெனக்கெடவில்லை. அதேபோல முப்பத்தொரு பதிவுகள். பலூபி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள், மூடியவர் பெயரோடு. ஒன்பதாவதில் இபு கையைத் தூக்கி, "போதும்மா, புரிஞ்சுடுச்சு" என்றார்.

"இன்னும் இருபத்திரண்டு இருக்கு இபு" என்று அவள் படித்துக்கொண்டே போனாள். ஆர்யோ உட்கார்ந்துவிட்டார். முகவர்கள்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முடித்ததும் கேட்டாள்: "அன்னிக்கு என் பதிவ அழிச்சது நீங்கதானே, மாஸ்?"

"அந்தப் பதிவு இருந்துச்சு. நான் பாத்தேன்" என்று என் குரல் எனக்கே கேட்டது. மூன்று வருடம் தாமதம். பலூபி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒப்பந்தம் அன்றே முறிந்தது. நாலு மாதத்தில் ஆர்யோவின் நிறுவனம் மூடியது. சுரபாயாவில் யாரிடமோ வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்வி. சேதி வந்த அன்று பலூபி மூன்றாம் மாடி முழுவதற்கும் லும்பியா பலகாரம் வாங்கிக் கொடுத்தாள்.

"பழி தீர்ந்துட்டா மனசு வெறிச்சோடிப் போயிடும்பாங்களே?" என்று கேட்டேன்.

"எவன் சொன்னான்? எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு." பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முறிந்த கையோடு, தளத்தைச் சரிசெய்யும் வேலையை இபு அவளிடமே கொடுத்திருந்தார். புதிய வரி ஒவ்வொன்றுக்கும் முன்னால் பழைய உலாவிக்குப் புரியும் வரி ஒன்றைச் சேர்த்தோம். பொத்தானைப் பட்டைக்கு மேலே ஏற்றினோம். எட்டே நாள். ஆனால் சோதிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. பலூபி நினிங்கைத் தேடிப் போனாள். ஒப்படைப்பு அன்று ஆர்யோ நினிங்கைப் பணிமனையிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் வேலையும் அத்தோடு போயிருந்தது. தன் அத்தையின் சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது நாள் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்தானே, ம்பாக்?"

"தெரியும்."

"எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தா நானே இபுகிட்ட போயிருப்பேன். அத்தன பேரு முன்னாடி நடுங்கிட்டு நின்னிருக்க மாட்டேன்."

"உன்ன நான் நினைக்கவே இல்ல, நினிங்."

"அதான் சொல்றேன். அவரும் நினைக்கல."

பலூபி என்னிடம் இதைச் சொன்னபோது வீறாப்பு எதுவும் இல்லை. ஆர்யோவை என்ன செய்தாளோ அதை நாளைக்கும் செய்வாள். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. ஆனால் அந்தச் சலவைக் கடைக்கு இன்னும் இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை நினிங் ஒரு நிபந்தனை போட்டாள்: தான் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் பலூபிக்குப் போகும் அதே நொடியில் இபு முர்தினிக்கும் போக வேண்டும். பலூபி ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

நினிங்கின் முதல் பதிவு, பலூபி தன் கையால் எழுதிய பக்கத்தைப் பற்றியது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களின் கைபேசியில் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று. ஐந்தாவது நிமிடம் இபுவின் அழைப்பு வந்தது. கால் மணிநேரம் திட்டு. பலூபி பல்லைக் கடித்தபடி, "சரி இபு, சரி இபு" என்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நினிங் தலையைத் தூக்காமல் அடுத்த கைபேசியைத் திறந்துகொண்டிருந்தாள்.