சம்பியனின் முழங்கால் தையல்

நேற்று நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி நுவரெலியாவுக்கு வேன் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண் முழங்காலில் வலித்தைலம் பூசியிருந்தாள். வேன் முழுக்க அந்த வாடை. கையிலிருந்த போனில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம், என்னால் முடியாது. "எல்லாம் பேசி வச்சு அடிச்சிக்கிறது, தெரியுமா?" என்றேன். "தெரியும் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாடை என்னை ஹட்டனுக்குக் கொண்டுபோய்விட்டது, நாங்கள் நானா என்று கூப்பிட்ட முதலாளியின் தையல் கடைக்கு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பிறவியிலேயே சந்தேகக் குணம் எனக்கு. பால் வாங்கினால் விரலில் தொட்டுப் பார்ப்பேன். பூசாரி தரும் விபூதியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் பூசுவேன்.

அந்த வாரம் ஊர் மைதானத்தில் ஒரு மல்யுத்தக் கோஷ்டி கூடாரம் போட்டிருந்தது. சுவரெல்லாம் சம்பியனின் படம், கருங்கல் ராஜன் என்ற பெயரோடு. ஞாயிறு பிற்பகல் அவரோடு மோத இருந்தது என் தம்பி செல்வம். தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், சில மாதங்களாக அந்தக் கோஷ்டியோடு ஊர் ஊராகத் திரிந்தான். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தச் சம்பியனே கடைக்கு வந்தார். தைலம் மணக்க ஊதா நிறக் காற்சட்டை ஒன்றை மேசையில் வைத்தார். "வலது முட்டிக்கு உள்பக்கமா நல்ல தடிப்பா ஸ்பொஞ்ச் வச்சு தச்சிருங்க தங்கச்சி. வெளிய தெரியக் கூடாது."

வெளியே தெரியக் கூடாதாம். எனக்கு அது போதும். நான் வைக்கப்போவது ஸ்பொஞ்ச்தான். பிறகு அவர் எதைச் செருகுவார் என்று யார் கண்டது? "இதுக்குள்ள இரும்ப வச்சு என் தம்பிய இடிக்கப் போறாரு," என்றேன் நானாவிடம். அவர் கத்தரியை நிறுத்தவேயில்லை. "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல புள்ள. தச்சுக் குடு."

தைத்தேன். ஒற்றை நூலில், நீளநீளத் தையலாக, ஒரு பக்கம் முடிச்சே போடாமல். கூட்டத்துக்கு நடுவில் பிரியட்டும், ஒளித்து வைத்திருப்பது எல்லார் கண்ணிலும் விழட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவில் விழுந்தது, வெறும் ஸ்பொஞ்ச் துண்டு. கூட்டம் "கள்ளன், கள்ளன்" என்று கூவியது. முதல் குரல் என்னுடையது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நேரம் ராஜன் தூக்கிப் பிடித்ததில் தம்பி அவருடைய தலைக்கு மேல் மல்லாந்திருந்தான். அவனை முட்டியில் போட ஒரு காலை மடக்கியவர், குனிந்து முட்டியைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொம்மென்று சத்தம். திறந்தபோது மல்லாந்து கிடந்தது ராஜன். அவர் நெஞ்சின் மேல் தம்பி. நடுவர் மூன்று வரை எண்ணினார். ராஜன் எழவில்லை.

தம்பி ஜெயித்துவிட்டான் என்று கூடாரத்துக்குப் பின்னால் ஓடினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாம் பேசி வச்சதுதான் அக்கா. ஆனா விழுகிறது நெசம். அந்த ஸ்பொஞ்ச் அவருக்கு இல்ல, எனக்கு. என் முதுகு அவரு முட்டியிலதான் விழணும். அது இல்லன்னதும் அவரே கீழ விழுந்து என்னைய நெஞ்சுல வாங்கிக்கிட்டாரு. வெலா எலும்பு போயிருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அவரு தூக்கிப் போட்டவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல."

பட்டத்தையும் பெல்ட்டையும் வைத்துத்தான் பெரிய சம்பியனை அளப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை, நெஞ்சைச் சுற்றிக் கட்டோடு அவர் கடைக்கு வந்தார். அதே காற்சட்டை. "அந்தத் தையல் நாந்தான்..." என்று தொடங்கினேன்.

"நூல் பழசா இருந்திருக்கும் தங்கச்சி. இந்தவாட்டி ரெட்ட நூலு போடுங்க. ஒங்க தம்பி சின்ன வயசுக்காரன்."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அன்றைக்குத் தொடங்கிய இந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை.

கோஷ்டி அங்கிருந்து இறம்பொடைப் பக்கம் போனது. சில வருடங்களில் கலைந்தும் போனது. மைதானத்தில் இப்போது கடைத்தொகுதி. நானா காலமாகிவிட்டார், அவர் கடையில் போன் உறை விற்கிறார்கள். கருங்கல் ராஜன் என்பது போஸ்டருக்கு வைத்த பெயர். உண்மைப் பெயரைத் தம்பியிடம் கேட்டேன். "நாங்க மாஸ்டர்னுதானே கூப்பிடுவோம்," என்றான். எதையும் துருவித் துருவிக் கேட்கிற நான், இரட்டை நூல் போட்டு அந்தத் தையலை முடித்துக் கொடுத்தபோதுகூட அவர் பெயரைக் கேட்கவில்லை.