பன்றிக்குக் கட்டின கொசுவலை

டில்லியில் பன்றிக்குக் கொசுவலை கட்டின முதல் ஆள் நான்தான். இல்லையென்று சொல்கிறவர்கள் வரட்டும், உட்கார்ந்து பேசுவோம். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் சொல்ல வரும்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது மழைக்காலம். லோதி ரோட்டுக்குப் பின்னால் நாலா என்கிற பெரிய சாக்கடையின் கரையில் எங்கள் ஜுக்கிக் குடிசைகள். பாதிப்பேர் சேலத்துப் பக்கம். அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்கு ஆபீசர் வீடுகளில் பாத்திரம். எனக்கு வேலை எங்கள் பன்றி. பொங்கல் கழித்துப் பிறந்த பெட்டைக்குட்டி, தாய் செத்ததிலிருந்து நான் கஞ்சி ஊற்றி வளர்த்தது. ராணி என்று கூப்பிட்டால் வரும்.

நாலு வீடு தள்ளி ஒரு பையனுக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மறுவாரமே ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வந்தார். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, தெருவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். மூளைக்காய்ச்சல் நோய் பன்றியின் ரத்தத்தில் பெருகுமாம், பன்றிக்கு ஒன்றும் செய்யாதாம். அதைக் கடித்த கொசு பிள்ளைகளைக் கடித்தால்தான் ஆபத்தாம். அடுத்த மாதம் வந்து எல்லாப் பன்றிக்கும் ரத்தம் எடுப்பார்களாம். நோய் பட்ட பன்றியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். கடைசி வரியை மட்டும் ராணி இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"ஜீப் வர்ற அன்னிக்குக் கட்டிலுக்கடியில ஒளிச்சிரலாம் கண்ணு, மேல நான் படுத்துக்கறேன்" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

"ரெண்டும் ஒண்ணாக் குறட்டை விடும், எது எதுன்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாது" என்றார் அப்பா.

நான் வேறு கணக்குப் போட்டேன். கொசு கடித்தால்தானே ரத்தம் கெடும்? கடிக்க விடாவிட்டால்?

வீட்டில் ஒரு கொசுவலை இருந்தது. வேலை செய்யும் வீட்டில் கழித்துப்போட்டதை அம்மா கேட்டு வாங்கி, பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னதால் தலையில் சுமந்து நடந்தே வந்தாள். டாக்டரம்மா வந்துபோன மறுநாள் அது. இரண்டு நாள்தான் அதற்குள் படுத்தேன். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது அவிழ்த்துக்கொண்டு போய் ராணியின் பட்டிக்கு மேலே போட்டேன். விடிவதற்குள் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

விடவில்லை நான். அப்பாவின் சாரக் குச்சி நாலை நட்டு, மூக்கு எட்டாத தூரத்தில் வலையை இழுத்துக் கட்டி, கீழ்விளிம்பில் வரிசையாகச் செங்கல் வைத்தேன். தெருவே கூடிவிட்டது. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஏ புள்ள, ராணி வயசுக்கு வந்துட்டாளா? குடிசை கட்ட வேண்டிய தாய்மாமன் நான் இருக்கேன். ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

"சீர் எங்க மாமா? வெறுங்கையோட வந்திருக்கீங்க?" என்றேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது.

அம்மா வேலை முடிந்து வந்து பார்த்தாள். அடிப்பாள் என்று ஒதுங்கி நின்றேன். அவள் ஊசிநூலை எடுத்து வந்து, தின்ற மூலையைத் தைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாதம் கழித்து ஜீப் வந்தது. மற்ற பன்றிகளைப் பிடிக்க நாலு ஆம்பளைகள் சேற்றில் புரண்டார்கள். ராணியின் வயிற்றை நான் சொறிந்து கொடுக்க, அது கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் கொடுத்தது. டாக்டரம்மா வலையைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒரு செங்கலை நகர்த்திப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

பிறகு முடிவு வந்தது. கரையில் இருந்த பன்றிகளில் நோய் படாதது ஒன்றே ஒன்று. டாக்டரம்மா எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "இந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். அதையும் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். இரண்டு தரம் சொன்னேன், இரண்டாம் தரம் சத்தமாக. மற்றவை போயின, ராணி நின்றது. அதன்பிறகு யார் புதிதாகக் குட்டி வாங்கினாலும் நாலாவுக்கு அந்தப்பக்கம்தான் பட்டி, வலை கட்டிக் கொடுக்க நான்தான் போக வேண்டும். மாமா குச்சி சுமந்துகொண்டு என் பின்னால் வருவார். அந்தப் பையனும் பிழைத்து வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தான்.

வலை ராணிக்குப் போன அந்த மாதம் முழுக்க அம்மா என்னைக் கழுத்துவரை தன் சேலையால் சுற்றிக் கட்டித்தான் தூங்க வைத்தாள். புழுக்கத்தில் திட்டிக்கொண்டே தூங்குவேன். காலையில் பாத்திரம் துலக்கப் புறப்படும் அவள் கைகாலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருக்கும். வேர்க்குரு என்பாள். நானும் நம்பினேன். பன்றியைக் கடிக்க முடியாத கொசு பசியோடு எங்கே போகும் என்று, அத்தனை கெட்டிக்காரியான எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.